மேஜையில் எதுவும் கிடக்கக் கூடாது

தாக் பொக்ஹி வேலைக்குச் சேர்ந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தவறுதான் செய்தார். கடைசி இருபது வருஷம் அதை ஒரு நாள்கூட விடாமல் செய்தார்.

மொக்போ துறைமுகத்தைப் பார்த்த குன்றின்மேல் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை; வருஷா வருஷம் மாணவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பெயர் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. அதன் நடுவில் நூலகம். மாணவர்கள் காலையிலேயே அங்கே போய்விடுவார்கள், படிப்பதற்கு. நூலகத்துப் புத்தகத்தைப் படிப்பதற்கு என்று யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். அரசுப் பணித் தேர்வுக்கான வழிகாட்டியை அவர்களே வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுவார்கள். நூலகம் தர வேண்டியது ஒரு மேஜை, ஒரு விளக்கு, குளிர்காலத்தில் கொஞ்சம் வெப்பம். இந்த மூன்றும் அடித்தளத்து வாசிப்புக் கூடத்தில் கிடைக்கும். மேலே நான்கு மாடி நிறையப் புத்தகம் இருப்பது கட்டடம் காற்றில் பறந்துவிடாமல் இருப்பதற்காக என்று அவர்களில் பலர் நம்புவதாகத் தோன்றும்.

நான்காவது மாடி பொக்ஹியுடையது. லிஃப்டில் அதற்கு எண்கூடக் கிடையாது. நான்கு எங்கள் மொழியில் சாவைப் போல ஒலிக்கிற ஆகாத எண் என்பதால் ஓர் எழுத்தைப் போட்டுவைத்திருக்கிறார்கள். முனைவர் பட்டம் பெற்ற முந்நூறு பேர் ஏறி இறங்குகிற லிஃப்ட் அது.

பிகும் தீவில் உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர் பொக்ஹி. வணிக உயர்நிலைப் பள்ளியில் தட்டச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினார். இருபது வயதில் நூலகப் பட்டியல் அட்டைகளைத் தட்டச்சு செய்ய வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் எழுபதாயிரம் அட்டை. பிறகு கணினி வந்தது. அட்டைகளைக் குப்பைக்கு அனுப்பினார்கள், அவரை நான்காவது மாடிக்கு அனுப்பினார்கள். பழைய ஆய்விதழ்கள், மாவட்ட அறிக்கைகள், மீன்வளத் துறையின் ஆண்டுமலர்கள், மற்ற ஊர்ப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் என்று யாருக்கு என்ன தேவைப்படும் என்று தெரியாததெல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்தது. மொத்தம் நாற்பத்தோராயிரம். அத்தனையையும் உயரம் பார்த்தே அடையாளம் சொல்வார். எதையும் அவர் படித்ததில்லை. படித்தால் முதுகு மடிந்துவிடும் என்பது அவர் கருத்து, புத்தகத்தின் முதுகு.

மேஜையில் எதுவும் கிடக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. நீங்கள் நான்கு தொகுதிகளை எடுத்துப் பரப்பி, குறிப்பெடுக்க ஆரம்பித்து, கழிப்பறைக்குப் போய்த் திரும்பினால் மேஜை துடைத்துக் கிடக்கும். தொகுதிகள் அதனதன் இடத்தில் நேராக நிற்கும். பொக்ஹி தன் இருக்கையில் ஒன்றும் அறியாதவர் போல அழிப்பானைத் தூசி தட்டிக்கொண்டிருப்பார். அங்கே ஆராய்ச்சி செய்ய மூளை அவசியமில்லை, நல்ல சிறுநீர்ப்பை வேண்டும் என்பது முதுகலை மாணவர்களிடையே பேச்சு. எங்களைப் போன்ற பகுதிநேர விரிவுரையாளர்கள் காலையில் தேநீரைத் தவிர்த்துவிட்டுத்தான் மேலே போவோம்.

அப்படியும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வேறு எங்கேயும் கிடைக்காதது அங்கே இருந்தது.

2018 நவம்பர் தொடக்கத்தில் நூலக இயக்குநர் பியோ கிதே ஒரு கூட்டம் கூட்டினார். எங்கள் ஊரில் நூலக இயக்குநர் பதவி பேராசிரியர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுற்றில் வருவது. வேறு எந்தப் பதவியும் கேட்டுக் கிடைக்காதவருக்கு இது கிடைக்கும். பியோ சுற்றுலா மேலாண்மைத் துறை. ஹோட்டல் வரவேற்பறையைப் பற்றி மூன்று கட்டுரை எழுதியவர். நூலகத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். நூலக ஊழியர்களை டீச்சர் என்று அழைப்பது எங்கள் வழக்கம்; அதில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை.

"தாக் டீச்சர், போன பத்து வருஷத்துல உங்க மாடியில எத்தன புத்தகம் படிச்சிருக்காங்க, தெரியுமா?"

"எண்ணினதில்ல சார். ஒரு நாளைக்குப் பதினஞ்சு, இருபது இருக்கும்."

"பதினொண்ணு."

"ஒரு நாளைக்கா சார்?"

"பத்து வருஷத்துக்கு."

மூன்றாவது மாடிப் பொறுப்பாளர் மெங் ஜொங்தே சிரித்துவிட்டார். "அதுலயும் ரெண்டு மூணு அக்காவே கால் எட்டாத அலமாரிக்கு ஏறி நிக்க எடுத்திருப்பாங்க."

பியோ திரையில் ஒரு படத்தைக் காட்டினார். நான்காவது மாடி இருந்த இடத்தில் சோபாக்கள், காபி இயந்திரம், தரையில் உருண்டு கிடக்கும் பஞ்சு மூட்டைகள், அவற்றின்மேல் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருபோதும் சேரப்போகாத அழகான மாணவர்கள். 'சிந்தனை முற்றம்' என்று பெயர். நாற்பத்தோராயிரம் புத்தகமும் பிப்ரவரியில் காகித ஆலை லாரியில் ஏறும்.

பொக்ஹி கூட்டங்களில் பேசுகிறவர் அல்ல. அன்று பேசினார். "சோபாவ மூணாவது மாடியில போடுங்க சார். எல்லாரும் அங்கதான் தூங்கறாங்க."

"மூணாவது மாடிதான் டீச்சர் நம்ம நூலகத்துலயே முதல். இந்த செமஸ்டருக்கே ஒம்பதாயிரத்துக்குப் போகப்போகுது." பியோ நல்ல மனநிலையில் இருந்தார். "ஒண்ணு செய்யுங்க. டிசம்பர் இருபதுக்குள்ள மெங்கத் தாண்டிக் காட்டுங்க. சோபாவ அவர் தலையில போட்டுடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மெங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டக் குறிப்பு எழுதிய பெண் அதையும் எழுதிக்கொண்டாள். கூட்டக் குறிப்பில் சிரிப்பு ஏறாது. சொன்னது மட்டும் ஏறும்.

மேலே வந்த பொக்ஹியின் முகத்தை முதலில் பார்த்தவள் மா சேபொம். வரலாற்றுத் துறையில் முதுகலை ஆய்வு மாணவி. அலைதடுப்புச் சுவர் கட்டியபோது கடற்பாசி வளர்த்த குடும்பங்கள் விரிகுடாவை விட்டு எப்படி விரட்டப்பட்டன என்பது அவள் ஆய்வு. அந்தக் குடும்பங்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்திய செய்தி மடல் ஒன்று இருந்தது. மெழுகுத் தாளில் எழுதி உருட்டி அச்சடித்தது, 1962 முதல் 1979 வரை இருநூற்றாறு இதழ்கள். சங்கம் போய்விட்டது, அதன் கட்டடமும் போய்விட்டது. மடல்கள் நான்காவது மாடியில் மட்டும் இருந்தன. அவற்றுக்கு இரவல் கிடையாது; அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அவளுடைய நெறியாளரான பேராசிரியர் இரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரே ஒரு ஆலோசனை சொல்லியிருந்தார்: "இணையத்துல தேடிப் பாத்தியா?"

பிப்ரவரியில் லாரி வந்தால் ஆய்வும் அதிலேயே ஏறும். பொக்ஹி நடந்ததைச் சொன்னதும் அவள் பேனாவை மூடினாள்.

"பதினொண்ணா? நான் ஒருத்தியே போன வாரம் முப்பது எடுத்தேனே டீச்சர்."

"அதத்தான் நானும் சொல்றேன். என் கையால திருப்பி வெச்சிருக்கேன். கையென்ன பொய் சொல்லுமா?"

"வெக்கறதுக்கு முன்னாடி மெஷின்ல காட்டுவீங்கல்ல?"

"எந்த மெஷின்ல?"

சேபொம் மேஜை முனையிலிருந்த பார்கோடு கருவியைக் காட்டினாள். தூசி படாமலிருக்க பொக்ஹி அதற்கு ஓர் உறை பின்னிப் போட்டிருந்தார்.

"அது இரவலுக்கு."

"உள்ள உக்காந்து படிக்கறதுக்கும் அதேதான் டீச்சர். மேஜையில கிடக்கறத எடுத்து, ஒரு தடவ காட்டிட்டு, அப்புறம் அலமாரியில வெக்கணும். அப்பத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும், யாரோ படிச்சாங்கன்னு. 'படித்த புத்தகத்தை மேஜையிலேயே விட்டுச் செல்லவும்'னு ஒட்டியிருக்காங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"பசங்க எடம் மாத்தி வெச்சிருவாங்கன்னு."

அது பாதிக் காரணம். மீதிப் பாதியைக் கணினி வந்த வருஷம் ஒரு நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்குப் பொக்ஹி பயிற்சிக்குப் போகவில்லை. மறுநாள் குப்பைக்குப் போகவிருந்த எழுபதாயிரம் அட்டைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

அவர் கருவியின் உறையை நேராக இழுத்துவிட்டார். பிறகு கேட்டார்: "அப்போ கீழ மெங் மேஜை மேஜையா குவிச்சு வெச்சிருக்கறது?"

"வியாழக்கிழமை எல்லாத்தையும் மெஷின்ல காட்டுவாரு. அடுக்கமாட்டாரு. வெள்ளிக்கிழமை அதே குவியல மறுபடி காட்டுவாரு."

ஆக, புத்தகத்தைத் தொடாத மெங்கின் மாடி ஓயாமல் படிக்கப்படுவதாகவும், ஒவ்வொரு புத்தகத்தையும் ஐந்து நிமிஷத்தில் வீடு சேர்த்த பொக்ஹியின் மாடியை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை என்றும் கணினி நம்பியது. அதைக் குறை சொல்ல முடியாது. பேராசிரியர்களை மதிப்பிடுவதற்கும் எங்களிடம் இதே மாதிரி ஒரு முறைதான் இருக்கிறது.

"இப்பவே உக்காந்து ஒரு அலமாரிய மெஷின்ல காட்டிரலாமா டீச்சர்? நான் எடுத்துத் தர்றேன்."

"யாரும் படிக்காத புத்தகத்தப் படிச்சதா நான் காட்டமாட்டேன்."

"இருபது வருஷமா, படிச்சதப் படிக்கலைன்னு காட்டியிருக்கீங்களே!"

"அது தெரியாம செஞ்சது."

"கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணில்ல."

மறுநாளிலிருந்து கருவியின் உறை கழன்றது. சேபொம் படித்த மடல்கள் மாலைவரை மேஜையிலேயே கிடந்தன. பொக்ஹிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்வது கடினம். அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைகளைக் கம்பளிச் சட்டையின் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். ஐந்து மணிக்கு ஒவ்வொன்றாகக் கருவியில் காட்டி, ஓட்டமாகக் கொண்டுபோய் வைத்தார்.

முப்பத்தெட்டுப் பேராசிரியர்களுக்குக் கடிதமும் எழுதினார்: உங்கள் மாணவர்களை ஆய்வுக்கு நான்காவது மாடிக்கு அனுப்புங்கள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் தான் ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆகிறது என்று நினைவூட்டியிருந்தார். இன்னொருவர், புதிய காபிக்கூடத்தில் துறைக் கூட்டத்துக்கு முன்கூட்டியே இடம் பிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

நவம்பர் கடைசியில் நான்காவது மாடியின் எண்ணிக்கை முந்நூற்றுப் பதினேழு. மூன்றாவது மாடி ஏழாயிரத்தைத் தாண்டியிருந்தது. மெங் லிஃப்டில் அவரைப் பார்த்தால், "அக்கா, சோபா என்ன கலர்ல வேணும்?" என்று கேட்பார்.

அப்புறம் தேர்வுக் காய்ச்சல் வந்தது.

தேர்வு நெருங்கினால் அடித்தளத்துக் கூடத்தில் உட்கார இடம் கிடைக்காது. இடம் ஒதுக்கும் இயந்திரம் இரண்டு வருஷமாகப் பழுது. எனவே பழைய வழக்கம்தான்: விடிந்ததும் வந்து மேஜையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டால் அது உங்கள் இடம். பிறகு நீங்கள் சாப்பிடப் போகலாம், தூங்கப் போகலாம், காதலிக்கப் போகலாம். ஒரே ஆபத்து காவலர் கில். ஆளில்லாமல் அரை மணிக்குமேல் கிடக்கிற பையையும் சட்டையையும் மூட்டை கட்டி வெளியே வைப்பது அவர் வேலை, அதை அவர் ரசித்துச் செய்வார். ஆனால் நூலக முத்திரை உள்ள புத்தகத்தை அவர் தொடமாட்டார். தொட்டால் அதை அதன் மாடிக்குக் கொண்டுபோய், மூன்று பிரதிகளில் படிவம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கில்லுக்கு முழங்கால் வலி.

மாணவர்கள் பெயர் போடாமல் எழுதுகிற இணையப் பலகையில் ஒரு திங்கட்கிழமை இரண்டு வரி வந்தது: 'நாலாவது மாடிப் புத்தகம் இருந்தா கில் தாத்தா தொடமாட்டார். அங்கதான் நல்ல தடியா கிடைக்கும்.' எழுதியது சேபொம். பொக்ஹியிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான்காவது மாடிக் கதவைத் திறந்த பொக்ஹி, படிக்கட்டுவரை நின்ற வரிசையைப் பார்த்துத் தீயணைப்புப் பயிற்சி என்று நினைத்தார்.

"டீச்சர், இரவல் தர்றீங்களா?"

"எந்தத் தலைப்பு?"

"எதுன்னாலும் பரவால்ல."

பரந்த ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார். பொறியியல் மாணவன் ஒருவனுக்கு நாட்டுப்புற வழக்குகள் தொகுதி ஒன்றைக் கொடுத்தார். அவன் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதவிடத் தடியா இருக்கா?" என்றான். விவரமாகப் படிக்க விரும்புகிற பிள்ளை. 1974இல் வந்த பன்றி நோய்கள் பற்றிய தொகுதியைக் கொடுத்தார், ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம். அவன் தலைகுனிந்து வணங்கி வாங்கிக்கொண்டு போனான். அந்த மாடியில் ஒரு நாள் இரவல்தான்; மறுநாள் காலை திருப்பிக் கொடுத்து, கருவியில் காட்டி, மறுபடி எடுத்துப்போவார்கள்.

மூன்று நாள் பொக்ஹி மிதந்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து சோற்றுருண்டை சாப்பிடும்போது பாடினார் என்றுகூடச் சொல்கிறார்கள். "நாடு திருந்திக்கிட்டிருக்கு" என்று என்னிடமே சொன்னார். நான் மறுக்கவில்லை. நல்ல செய்தியை மறுக்க எனக்கு நிரந்தர வேலை கிடையாது.

வெள்ளிக்கிழமை பன்றி நோய்கள் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. அட்டையில் வட்டமாக ஒரு கறை. முகர்ந்தார். ராம்யன் நூடுல்ஸின் குழம்பு.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் போகாத அடித்தளத்துக்கு இறங்கினார். மதிய உணவு வேளை. ஐந்நூறு இருக்கை, ஆட்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். மற்ற மேஜைகளிலெல்லாம் அவருடைய புத்தகங்கள் ஒன்றொன்றாக, மூடியபடி உட்கார்ந்திருந்தன.

"வாங்க தாக் டீச்சர்!" கில் நாற்காலியிலிருந்து எழாமல் கூப்பிட்டார். "உங்க புத்தகம்லாம் நல்லா படிக்குது. சத்தமே இல்ல. பசங்களத்தான் காணோம்."

பொக்ஹியின் கை தானாக இயங்கியது. முதல் மேஜையிலிருந்து ஒன்று, அடுத்ததிலிருந்து ஒன்று, நான்கு சேர்ந்துவிட்டது. உள்ளே நுழைந்த மாணவி ஒருத்தி கத்தினாள்: "ஐயோ, அது என் இடம்!"

"இது என் புத்தகம்" என்றார் பொக்ஹி.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், சேபொம் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"நான்தான் டீச்சர் எழுதினேன். திட்டுங்க, ஆனா எடுக்காதீங்க. ரெண்டாயிரத்து முந்நூறு ஆயிருச்சு. தேர்வு முடிய இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

"எடம் பிடிக்க! என் புத்தகத்த... எடம் பிடிக்க!"

"அந்தப் புத்தகம் இத்தன வருஷத்துல பிடிச்சுத் தர்ற மொத எடம் அது. மேல அதோட சொந்த எடத்தையே அது பிடிச்சுக்கப்போகுது. வேணாமா?"

"யாரும் தெறந்துகூடப் பாக்கலையே, சேபொம்."

"பாக்கமாட்டாங்க. நான் பாப்பேன். இன்னும் எழுபது மடல் பாக்கி. அதுக்காகத்தான்."

பொக்ஹி கையிலிருந்த நான்கையும் பார்த்துக்கொண்டு நின்றார். பொய்க் கணக்கு எழுதமாட்டேன் என்று சொன்னவர் அவர். தட்டச்சுக்காரருடைய மனசு எழுத்தைத் தாண்டி யோசிக்காது. அன்றைக்கு அதுதான் நாற்பத்தோராயிரம் புத்தகத்தைக் காப்பாற்றியது.

"கம்ப்யூட்டர்ல என்ன போட்டிருக்கு? இரவல்னுதான?"

"இரவல்னுதான்."

"படிச்சாங்கன்னு நான் எங்கயும் போடல."

"எங்கயும் போடல டீச்சர்."

நான்கையும் எடுத்த இடத்திலேயே வைத்தார், மேஜை விளிம்புக்கு நேராக. பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எவனாவது இதுமேல கிண்ணத்த வெச்சான், கைய ஒடிச்சிருவேன்."

டிசம்பர் இருபதாம் தேதி மாலை நான்காவது மாடி 9,412. மூன்றாவது மாடி 9,108. கடைசி வாரம் மெங் தன் குவியலைத் தினமும் கருவியில் காட்டினார் என்று கேள்வி. பாவம், அவர் மாடியில் இருந்த நூல்களெல்லாம் மெலிந்தவை. இடம் பிடிக்கத் தாங்காது.

கூட்டக் குறிப்பில் இயக்குநர் சொன்னது எழுத்தில் இருந்தது. பியோ அதற்கெல்லாம் அசருகிறவரில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்கு அவர் கொடுத்த பேட்டி பாதிப் பக்கம் வந்தது: நம் மாணவர்களின் ஆராய்ச்சித் தாகம், அதை முன்கூட்டியே உணர்ந்த தன் நிர்வாகம். மிக அதிகமாக இரவல் போன நூல் எது என்று நிருபர் கேட்டிருக்கிறார். பன்றி நோய்கள் என்றதும், வட்டாரப் பொருளாதாரத்தின் மீது இளைஞர்களுக்கு உள்ள அக்கறை என்று விளக்கியிருந்தார். சோபாக்கள் மூன்றாவது மாடிக்குப் போயின. மெங் அதில் நீளமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்; இதுவரை குறை சொன்னதில்லை.

காகித ஆலை லாரி வரவில்லை. ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் திறந்து படிக்கப்பட்டவை எத்தனை என்று சேபொமும் நானும் ஒருநாள் தாராளமாகவே கணக்குப் பார்த்தோம். நானூறு தேறவில்லை. அந்த நானூறுக்காகத்தான் நூலகம். மற்றவை அதற்குக் காவலுக்கு நின்றன, கில்லைப் போல, உட்கார்ந்தபடியே.

அடுத்த ஆகஸ்டில் சேபொமின் ஆய்வேடு ஏற்கப்பட்டது. எங்கள் வழக்கப்படி கறுப்பு அட்டை போட்டு, முதல் பக்கத்தில் நன்றி எழுதி, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தாள். வாங்கியவர்கள் வழக்கப்படி அதை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். கொதிக்கிற ராம்யன் சட்டியை மேஜையில் இறக்க அதைவிடப் பொருத்தமான தாங்கி இந்நாட்டில் கிடையாது. நெறியாளரின் பிரதியில் அந்த வட்டத்தை நானே பார்த்தேன்.

பதினொரு நாள் கழித்து பொக்ஹி அவளுக்கு ஃபோன் செய்தார்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம், ஏழாவது அடிக்குறிப்பு. 1971 ஏப்ரல் மடல்னு போட்டிருக்க."

"ஆமா டீச்சர்."

"ஏப்ரல்ல மடலே வரல. உருளை ஒடஞ்சுபோச்சுன்னு மே மாசத்துல மன்னிப்புக் கேட்டிருக்காங்க. நீ சொல்றது மார்ச்."

மூன்று பேராசிரியர்கள் படித்து முத்திரை வைத்த ஆய்வேடு அது. சேபொம் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"டீச்சர்... உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எதையும் படிக்கமாட்டீங்களே."

"நீ எந்திரிச்சுப் போறப்பல்லாம் நான் என்ன செய்யறது? அலமாரியில வெக்கக் கூடாதுன்னுட்ட. கையில எடுத்தாச்சு. சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்க முடியுமா?"

"எல்லாத்தையுமா படிச்சீங்க?"

"நீ கழிப்பறைக்கு ரொம்ப நேரம் எடுப்ப."

சேபொமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அதையும் மெஷின்ல காட்டியிருக்கணுமே டீச்சர். இன்னொரு இருநூத்தாறு சேந்திருக்கும்."

"அலமாரியிலேருந்து ஒரு தடவ எடுத்தத ஒரு தடவதான் காட்டணும்" என்றார் பொக்ஹி. "நான் என்ன மெங்கா?"